தொப்பியில பிளேடு இருந்துச்சா, டீச்சர்?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைப் பத்தி. பரீட்சை லீவுல கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பசங்க எல்லாம் உக்காந்து பீக்கி பிளைண்டர்ஸ் பாத்திருக்காங்க போல. நூறு வருசத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல பர்மிங்காம்ங்கற ஊர்ல இருந்த ஒரு தெரு கேங்கைப் பத்தின சீரிஸ் அது, 2013-ல பிபிசியில தொடங்கி 2022 வரைக்கும் ஆறு சீசன் வந்துச்சு. நானும் முழுசாப் பாத்தேன். முப்பது வருசம் ஸ்கூல்ல சரித்திரம் எடுத்தவ, அதனால இந்தக் கேள்விகளைப் பாத்ததும் ரொம்ப சந்தோஷம், பதில் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

டீச்சர், தொப்பி ஓரத்துல பிளேடு தைச்சு வெச்சு எதிரி முகத்துல வீசுவாங்களே, அது நெசமா நடந்துச்சா? அதனாலதான் அந்தப் பேரே வந்துச்சுன்னு ரீல்ஸ்ல சொல்றாங்க. - பிளஸ் டூ மாணவர், வேலந்தாவளம்

இல்ல கண்ணு, அதுக்கு வாய்ப்பே ரொம்பக் கம்மி. ஏன்னு சொல்றேன், நீயே கணக்குப் போட்டுப் பாரு.

இந்த கேங் ரொம்ப ஆடுனது 1890-கள்ல. பத்திரிகையில இந்தப் பேரு முதல்ல அடிபட்டதே 1890 மார்ச்சுலதான். நாம கடையில வாங்கற மாதிரி, தேய்ஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற மாத்திக்கற மெல்லிசு பிளேடை ஜில்லெட் கம்பெனி விக்க ஆரம்பிச்சது 1903-ல, அதுவும் அமெரிக்காவுல, அந்த முதல் வருசம் அவங்க வித்தது மொத்தமே 51 ரேசர், 168 பிளேடு. அப்புறம் பர்மிங்காம் வந்தப்பவும் அது காசுள்ளவங்க வாங்கற சாமான். ஒரு ஓட்டை வீட்டுல பத்துப் பேரோட படுத்துத் தூங்கற பையன் அதை வாங்கி தொப்பியில தைச்சுட்டு சுத்துவானா? அப்ப இருந்த சவரக்கத்தி வேற, மடக்குக் கத்தி, நம்ம பழைய சலூன்ல தோல் வாருல தீட்டுவாங்களே அது. அதைத் தொப்பியில தைக்க முடியாது. இன்னொண்ணு, துணித் தொப்பி தொளதொளன்னு இருக்கும், அதை வீசி ஒருத்தனை வெட்டணும்னா கைக்கு ஒரு பிடிமானமும் கிடைக்காது. பர்மிங்காம்காரர் ஒரு சரித்திர ஆசிரியர், கார்ல் சின்னுன்னு பேரு, இந்த கேங்கைப் பத்தி வருசக்கணக்கா ஆவணங்களைத் தோண்டுனவர், அவரும் இதையேதான் சொல்றார்.

அப்ப பேரு எப்படி வந்துச்சு? பீக்குன்னா தொப்பிக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற ஓரம், அதை ஒரு கண்ணை மறைக்கற மாதிரி சாய்ச்சு வெச்சுக்குவாங்க. பிளைண்டர்னா அந்த ஊர்ப் பேச்சுல அசத்தலா டிரஸ் பண்ணிக்கிட்டு வர்றவன், நம்ம பசங்க ‘கெத்தா வர்றான்’னு சொல்ற மாதிரி. கண்ணைக் குருடாக்குறவன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டது பின்னாடி வந்தவங்க, அதுக்குத் தோதா பிளேடு கதையும் சேந்துக்கிச்சு.

அவங்க நெசமா அடிச்சது எதாலன்னா, பெல்ட்டைக் கழட்டி பக்கிள் இருக்கற முனையால, இரும்பு பதிச்ச பூட்ஸால, செங்கல்லால, கத்தியால. 1897-ல ஜார்ஜ் ஸ்னைப்புன்னு ஒரு போலீஸ் கான்ஸ்டபிள், இந்த மாதிரிக் கூட்டம் வீசுன செங்கல்லு தலையில பட்டு செத்துப்போனார். தொப்பி பிளேடுல ஒரு ஸ்டைல் இருக்கு, கேமராவுக்கு நல்லா இருக்கு. செங்கல்லுல என்ன ஸ்டைல் இருக்கு, சொல்லு.

சீரிஸ்ல ஹீரோவா வர்ற கேங் தலைவர் தாமஸ் ஷெல்பின்னு ஒருத்தர் நெசமா இருந்தாரா இல்லையா? ஒரே வரியில சொல்லுங்க டீச்சர். - ஆட்டோ ஓட்டுநர், கோபாலபுரம்

இல்லைங்க.

ஒரு வரி கேட்டீங்க, சொல்லிட்டேன், ஆனா அதோட விட மனசில்ல, ஏன்னா அந்தக் கற்பனை எங்க இருந்து முளைச்சதுங்கறது ரொம்ப அழகான விஷயம். சீரிஸை எழுதுன ஸ்டீவன் நைட்டும் பர்மிங்காம்காரர்தான். அவரோட அப்பா சின்னப் பையனா இருக்கறப்ப ஒரு சீட்டைக் குடுத்து மாமாமாருங்ககிட்ட குடுத்துட்டு வாடான்னு அனுப்பிருக்காங்க. ஷெல்டன்னு குடும்பப் பேரு அவங்களுக்கு. பையன் போய் கதவைத் தட்டறான், தொறந்தா உள்ள ஒரே புகை, மேஜை மேல காசு குமிஞ்சு கிடக்கு, சுத்தி ஆம்பளைங்க, சட்டை கசங்காம ஷூ பளபளன்னு, அந்தக் குடிசைத் தெருவுல யாருகிட்டயும் இல்லாத உடுப்பு. ஆனா பீர் குடிக்கறது ஜாம் பாட்டில்ல. கிளாஸ் டம்ளர் வாங்கறதுக்குக் காசு செலவு பண்ண மாட்டாங்க, எல்லாக் காசும் துணிக்குத்தான். அப்பா சொன்ன அந்த ஒரு காட்சியில இருந்துதான் சீரிஸே பொறந்துச்சுன்னு நைட்டே பல பேட்டியில சொல்லிருக்கார்.

ஷெல்டன்தான் ஷெல்பி ஆச்சு. அந்தத் தெருக்கள்ல ஷெல்டன் அண்ணன் தம்பிங்க நெசமாவே இருந்தாங்க, முதல் உலகப் போருக்கு முன்னாடி கேரிசன் லேன் ஏரியாவுல இன்னொரு ஆளுகூட அவங்களுக்கு வருசக்கணக்கா பகை ஓடிருக்கு. ஆனா சீரிஸ்ல ஷெல்பி பண்ற மாதிரி அவங்க யாரும் பார்லிமென்டுக்குப் போகல, சர்ச்சில்கூட உக்காந்து பேசல. ஒரு பையன் கதவு வழியா ஒரு நிமிசம் பாத்தது நெசம். மத்த முப்பத்தாறு எபிசோடும் நைட் கட்டுனது. கட்டுனதை நான் குறை சொல்லல, நல்லாவே கட்டிருக்கார்.

எங்க கடைக்கு வர்ற பசங்க எல்லாம் போனைக் காட்டி ‘இந்த மாதிரி வெட்டுங்கண்ணா’ன்னு கேக்கறாங்க. நெசமான ஆளுங்க பாக்க எப்படி இருந்தாங்க, போட்டோ எதாவது இருக்கா? - சலூன் நடத்துபவர், கொழிஞ்சாம்பாறை

இருக்குங்க! இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு. பர்மிங்காம்ல ஸ்டீல்ஹவுஸ் லேன்ல பழைய போலீஸ் லாக்கப்பு ஒண்ணு இப்ப போலீஸ் மியூசியமா இருக்கு, அங்க அந்தக் காலத்துக் கைதிங்க போட்டோ, ரெக்கார்டு எல்லாம் பத்திரமா வெச்சிருக்காங்க. அதுல ஹேரி ஃபவுலர், எர்னஸ்ட் பெய்ல்ஸ், தாமஸ் கில்பர்ட் இவங்க போட்டோ உலகம் பூரா சுத்துது, நெட்ல தேடுனா உங்களுக்கும் கிடைக்கும்.

அந்த ஹேரி போட்டோவை நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். பத்தொம்பது வயசு. மீசை சரியா முளைக்கல. தொப்பியைச் சாய்ச்சு வெச்சிருக்கான், கழுத்துல துணி சுத்திருக்கான், கோட்டு அவன் அளவுக்கு இல்ல, தோள்ல தொங்குது, அண்ணனோட கோட்டோ யாரோடதோ. முறைக்கணும்னு நினைச்சுத்தான் கேமராவைப் பாக்கறான், ஆனா எங்க ஒம்போதாங் கிளாஸ்ல ஹோம்வொர்க் செய்யாம எந்திரிச்சு நிக்கற பையன் மூஞ்சிதான் அது. 1904 அக்டோபர்ல பிடிபட்டிருக்கான். என்ன குத்தம்னு நினைக்கறீங்க? சைக்கிள் திருடுனது. மத்தவங்க பேருலயும் கடையை உடைச்சது, வீட்டை உடைச்சதுன்னுதான் இருக்கு. பதிமூணு வயசுப் பையன் ஒருத்தன் குண்டு போட்ட துப்பாக்கியோட பிடிபட்டதும் உண்டு. கோடிக்கணக்குல பிசினஸ் பண்ண முதலாளிங்க இல்லைங்க இவங்க. ஃபாக்டரி வேலையும் நிரந்தரமில்லாம, நாத்தம் பிடிச்ச லைன் வீடுகள்ல வளந்து, தெரு முக்குல நின்ன பசங்க.

முடி விஷயமும் சொல்லிடறேன், உங்க தொழில் ஆச்சே. சுத்தியும் ஒட்ட வெட்டிட்டு முன்னாடி மட்டும் ஒரு கொத்து விட்டு நெத்தியில படிய வெச்சுக்குவாங்க. அகலக் காலு பேண்ட்டு, நாம பெல்பாட்டம்னு சொல்ற மாதிரி, கழுத்துல சில்க் துணி. சீரிஸ்ல வர்ற மூணு பீஸ் சூட்டு, இழுத்து விட்ட ஓவர்கோட்டு எல்லாம் 1920-கள் ஸ்டைலு. ஆக பசங்க கேக்கற கட்டிங் ஓரளவு பழசுதான், கோட்டுதான் அடுத்த தலைமுறையோடது.

இங்கதான் சீரிஸோட பெரிய மாத்தம் இருக்கு, இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கிடும். அவங்க கதையை 1919-ல, முதல் உலகப் போர் முடிஞ்சதும் ஆரம்பிக்கறாங்க. ஆனா அந்த நேரத்துல பீக்கி பிளைண்டர்ஸ்ங்கற கூட்டமே கலைஞ்சு போச்சு. 1899-ல சார்லஸ் ராஃப்டர்னு பெல்ஃபாஸ்ட்காரர் பர்மிங்காம் போலீஸுக்குத் தலைவரா வந்தார், போலீஸ் எண்ணிக்கையைக் கூட்டுனார், கோர்ட்டும் தண்டனையைக் கூட்டுச்சு. அதோட பசங்களுக்குன்னு கிளப்பு, ஃபுட்பால், பாக்ஸிங், சினிமாக் கொட்டகைன்னு வேற போக்கிடமும் வந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா அடங்கிப்போனாங்க. சீரிஸ்ல பெல்ஃபாஸ்ட்ல இருந்து 1919-ல வர்ற அந்த இன்ஸ்பெக்டர் கேம்பெல் பாத்திரத்துல ராஃப்டரோட சாயல் இருக்கு, இருபது வருசம் தள்ளி. இருபது வருசம் தள்ளி வெச்சதும் என்ன ஆச்சு, சைக்கிள் திருடுன பசங்க போர்ல மெடல் வாங்கிட்டு வந்து மனசு உடைஞ்சுபோன வீரர்களா ஆயிட்டாங்க. பாக்கற நமக்கு முதல் எபிசோடுலயே அவங்க மேல பாவம் வந்துடுது.

சீரிஸ்ல வர்ற பில்லி கிம்பர், சபினி எல்லாம் கற்பனையா? குதிரை ரேஸ்ல அவங்களுக்கு எப்படிக் காசு வந்துச்சுன்னும் புரியல. - கல்லூரி மாணவர், சித்தூர்

அவங்க ரெண்டு பேரும் நெச ஆளுங்க. பில்லி கிம்பர் பர்மிங்காம்ல பொறந்து வளந்தவர், 1920 வாக்குல இங்கிலாந்துல ரேஸ் கோர்ஸ் ரவுடிங்கள்ல பெரிய தலை அவர்தான். சீரிஸ்ல முதல் சீசன் கடைசியிலயே தாமஸ் ஷெல்பி அவரைச் சுட்டுடறார், ஆனா நெசத்துல அவர் 1945 வரைக்கும் இருந்து டார்க்கீங்கற கடலோர ஊர்ல உடம்பு சரியில்லாம செத்தார். டார்பி சபினி லண்டன்ல இத்தாலிக்காரங்க இருந்த கிளர்க்கன்வெல் ஏரியா, அவர் செத்தது 1950-ல.

காசு வந்த வழி சொல்றேன், இது சீரிஸ்ல சட்டுன்னு தாண்டிப் போயிடுவாங்க, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச இடம். அப்ப இங்கிலாந்துல தெருவுல காசு வெச்சுப் பந்தயம் கட்டறது சட்டப்படி தப்பு, ஆனா ரேஸ் மைதானத்துக்குள்ள கட்டலாம். அதனால மைதானத்துல நூத்துக்கணக்குல புக்கிங்க, அதாவது பந்தயக் காசு வாங்கறவங்க, நிப்பாங்க, ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்னு, கரும்பலகையில எந்தக் குதிரைக்கு என்ன ரேட்டுன்னு சாக்பீஸ்ல எழுதி, ரேட்டு மாற மாற ஈர ஸ்பான்ஜால அழிச்சு அழிச்சு எழுதுவாங்க. ரவுடிங்க என்ன பண்ணாங்கன்னா, அந்த ஸ்டூலுக்கு வாடகை, சாக்பீஸுக்குக் காசு, குதிரைப் பேரு அச்சடிச்ச சீட்டுக்குக் காசு, ஸ்பான்ஜ் நனைக்கற வாளித் தண்ணிக்குக் காசுன்னு வசூல் பண்ணாங்க. ஒரு வாளித் தண்ணிங்க! குடுக்காட்டி, கூட்டத்தைச் சுத்தி நிறுத்தி யாரும் அந்த புக்கிகிட்ட வர முடியாமப் பண்ணிடுவாங்க, இல்லன்னா அடி. நம்ம சந்தையில தரையில சாக்கு விரிச்சு உக்கார்ற பாட்டிகிட்ட மாமூல் வாங்கறவனோட அதே தொழில்தான், என்ன, அவன் கோட்டு போட்டிருந்தான்.

1921 ஜூன்ல ஒரு சம்பவம். எப்சம்ல ரேஸ் முடிஞ்சு வண்டியில திரும்பிட்டிருந்த லீட்ஸ் ஊர் புக்கிங்களை, எதிரி சபினியோட ஆளுங்கன்னு நினைச்சு கிம்பரோட பர்மிங்காம் கூட்டம் வழியில மடக்கி அடி அடின்னு அடிச்சிருக்காங்க. ஆனா லீட்ஸ்காரங்க இவங்களோட கூட்டாளிங்க! ஆளைத் தெரியாம சொந்தக் கூட்டாளியவே மண்டையை உடைச்சுட்டு ஒரு பப்ல உக்காந்திருந்தவங்களைப் போலீஸ் வளைச்சுப் பிடிச்சுது. சினிமாவுல தாதா ஒவ்வொரு அடியும் பத்து நாள் முன்னாடியே யோசிச்சு வெப்பான், சதுரங்கம் ஆடற மாதிரி. நெசத்துல இப்படித்தான் நடந்துச்சு.

ஜெஸ்ஸி ஈடன்னு யூனியன்ல ஒரு பொண்ணு வருதே டீச்சர், அது நெசமா? நான் தையல் யூனிட்ல வேலை பாக்கறேன், அந்தக் கேரக்டர் பிடிச்சிருந்துச்சு. - வாசகி, நாட்டுக்கல்

நெசம்மா, நூத்துக்கு நூறு நெசம். ஆனா தாமஸ் ஷெல்பிகூட அவங்களுக்குக் காதல்னு காட்டுனது மட்டும் கற்பனை, எனக்கு அதுல வருத்தம் உண்டு.

ஜெஸ்ஸி ஈடன் லூகாஸ் ஃபாக்டரியில வேலை பாத்தவங்க. பேரு கேட்ட மாதிரி இருக்கா? சென்னையில பாடின்னு சொன்னதும் லூகாஸ் பஸ் ஸ்டாப்பு ஞாபகம் வருமே, அந்த லூகாஸோட தாய் கம்பெனி பர்மிங்காம்லதான் இருந்துச்சு. அதே மாதிரி நம்ம வீட்டுல எல்லாம் ஓட்டுன பிஎஸ்ஏ சைக்கிள், அந்த எழுத்துக்கு விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், துப்பாக்கிக் கம்பெனி, அதோட ஃபாக்டரி இந்த கேங் சுத்துன ஸ்மால் ஹீத் ஏரியாவுலயே இருந்துச்சு. சீரிஸ் ஆரம்பத்துல காணாமப் போற துப்பாக்கிங்க அந்த ஃபாக்டரியோடதுதான்.

1931-ல லூகாஸ் நிர்வாகம், ஒருத்தி ஒரு பீஸ் செய்ய எத்தனை செகண்டுன்னு பக்கத்துல ஆளை நிறுத்தி கடிகாரம் வெச்சு அளக்க ஆரம்பிச்சாங்க. வேகமா வேலை செய்யறவங்கன்னு ஜெஸ்ஸியைத்தான் முதல்ல அளந்தாங்க, ஏன்னா அவங்க வேகத்தை வெச்சு மத்த எல்லாருக்கும் டார்கெட் போடலாமே. உங்க யூனிட்லயும் மணிக்கு இத்தனை பீஸ்னு கேப்பாங்கல்ல, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. ஜெஸ்ஸி ஒத்துக்கல. பத்தாயிரம் பொம்பளைங்க வேலையை நிறுத்திட்டு வெளிய வந்தாங்க, நிர்வாகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுச்சு. அவங்க 1986 வரைக்கும் உயிரோட இருந்தாங்க. இத்தனை பெரிய வாழ்க்கை அவங்களுக்கு, அதை ஒரு ரவுடியோட காதலியாக் காட்டித்தான் நமக்கு அறிமுகம் பண்ணணுமா? நீங்க அவங்களை ஞாபகம் வெச்சுக்கறப்ப அந்தக் கடிகாரத்தோட வெச்சுக்குங்க தாயி.

நம்ம காயங்குளம் கொச்சுண்ணியும் இப்படித்தானே டீச்சர்? திருடன்தான், ஆனா ஏழைங்களுக்குக் குடுத்தான். அவனைக் கும்பிடவே செய்யறாங்க. அப்படிப் பாத்தா ஷெல்பியைப் பசங்க கொண்டாடறதுல என்ன தப்பு? - வாசகர், கொல்லங்கோடு

நல்ல கேள்விங்க, இதுக்கு ரெண்டு நாள் யோசிச்சேன்.

கொச்சுண்ணி திருவிதாங்கூர்ல பத்தொம்பதாம் நூத்தாண்டுல வாழ்ந்த ஆளு, பிடிபட்டு சிறையில செத்தார்ங்கறது வரைக்கும் சரிதான். ஆனா நமக்குத் தெரிஞ்ச கொச்சுண்ணி பெரும்பாலும் கொட்டாரத்தில் சங்குண்ணி எழுதுன ஐதிஹ்யமாலையில வர்ற கொச்சுண்ணி. அந்தப் புஸ்தகத்தோட பேரைப் பாருங்க, ஐதிகங்களோட மாலை. சங்குண்ணி மறைக்கவே இல்ல, சனங்க சொல்லிக்கிட்டதைக் கோத்துத் தர்றேன்னு பேருலயே சொல்லிட்டார். அதுல இருந்துதான் 1966-லயும் 2018-லயும் சினிமா வந்துச்சு. கோழஞ்சேரி பக்கம் ஒரு கோயில்ல முஸ்லிமாப் பொறந்த அவருக்கு மெழுகுவத்தி, வெத்தலை பாக்கு வெச்சுக் கும்பிடறாங்க. அது சனங்களோட நம்பிக்கை, அதுல நான் கை வெக்கல.

ஆனா ஒண்ணு சொல்லணும், இதை இதுவரைக்கும் எழுதுனதில்ல. 1996-ல கேரளாவுல சாராயத்தைத் தடை பண்ணாங்க, ஞாபகம் இருக்கும். அப்ப நம்ம எல்லையில தென்னந்தோப்புக்குள்ள ராத்திரி ராத்திரி ஸ்பிரிட் கேனு போகும். அதுல ஒரு கூட்டத்துக்கு ஒருத்தர் தலைவர், பேரு வேண்டாம், இப்ப உயிரோட இல்ல. எங்க தாய்மாமன் ரோட்டோரம் டீக்கடை வெச்சிருந்தார். அந்தக் கூட்டம் வரும், டீ வடை சாப்புடும், போகும், காசு கிடையாது. ஒரு நாள் மாமா நோட்டை எடுத்துக் காட்டி, ஏனுங்க, ஆறு மாசப் பாக்கி, பாதியாச்சும் குடுங்கன்னு கேட்டிருக்கார். அந்த ஆளு எந்திரிக்கக்கூட இல்லையாம், கையில இருந்த கிளாஸோட மாமா காது மேல ஒரு அறை. கிளாஸ் உடைஞ்சுது. அதுல இருந்து இடது காது கேக்காது அவருக்கு, நாங்க பேசணும்னா வலது பக்கம் போய் உக்காரணும், சாகற வரைக்கும் அப்படித்தான்.

இப்ப திருவிழா வந்தா அந்த ஆளுக்கு ஃபிளெக்ஸ் வெக்கறாங்க. ஏழை வீட்டுல நாலு கல்யாணம் நடத்தி வெச்சார், போலீஸுக்குப் பயப்படாத சிங்கம்னு பசங்க பேசறாங்க, அதுல பாதிப் பேரு அவர் செத்த பிறகு பொறந்தவங்க. கல்யாணம் நடத்துனது நெசமாவும் இருக்கலாம், நான் இல்லைங்கல. ஆனா எங்க மாமாவோட காதைப் பத்தி ஃபிளெக்ஸ்ல ஒரு எழுத்து இருக்காதுங்க. அதனால பசங்க ஷெல்பியை ரசிக்கட்டும், நடிச்சவரு அப்படி நடிச்சிருக்கார், நானே ரசிச்சேன். அவன்கிட்ட அடி வாங்குனது யாருன்னு ஒரு தடவை கேட்டுட்டு ரசிக்கட்டும்னுதான் நான் சொல்லுவேன்.

என் பையனுக்குப் பதினஞ்சு வயசு, பாக்க விடலாமா? - ஒரு அம்மா, மீனாட்சிபுரம்

இப்ப வேண்டாம்மா. ரத்தம், போதை, கெட்ட வார்த்தை எல்லாம் நெறைய, அது பெரியவங்களுக்குன்னு எடுத்தது. ஏற்கனவே பாத்துட்டான்னா திட்டாதீங்க, பக்கத்துல உக்காந்து அந்தப் பத்தொம்பது வயசு சைக்கிள் திருடன் போட்டோவைத் தேடி எடுத்துக் காட்டுங்க, ரெண்டு பேரும் பேசறதுக்கு நெறைய இருக்கும்.

எந்த சீரிஸ் பாத்தாலும் ‘உண்மைச் சம்பவங்களைத் தழுவியது’ன்னு போடறாங்க. எது நெசம், எது கதைன்னு நாங்களே எப்படிக் கண்டுபிடிக்கறது? - வாசகர், பொள்ளாச்சி

தழுவியதுங்கற வார்த்தையிலயே பதில் இருக்குங்க, கட்டிப்பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். நான் முதல்ல பாக்கறது வருசம். கதை நடக்கற வருசத்துல அந்த ஆளு உயிரோட இருந்தாரா, அந்தப் பொருள் கடையில இருந்துச்சா? பிளேடு விஷயம் அப்படித்தான் பிடிபட்டுச்சு. அடுத்தது சாவு. வில்லனை ஹீரோ சுடறான்னா, நெச ஆளு எப்படிச் செத்தார்னு தேடுங்க, பாதிக்கு மேல வயசாகிப் படுக்கையில செத்திருப்பாங்க. போர்டுவாக் எம்பயர்னு அமெரிக்க சீரிஸ் ஒண்ணு, அட்லாண்டிக் சிட்டி தாதா ஒருத்தரைப் பத்தி. நெசப் பேரு ஈனக் ஜான்சன், சீரிஸ்ல ஈனக் தாம்சன்னு மாத்திட்டாங்க. சீரிஸ்ல அவரை 1931-ல சுட்டுக் கொன்னுடறாங்க, நெச ஜான்சனுக்கு வரி ஏய்ப்பு கேஸ்ல ஜெயில், வெளிய வந்து 1968 வரைக்கும் இருந்தார். ஆனா பேரை மாத்துனது எனக்குப் பிடிச்சிருக்கு, இது அவரில்ல, அவரை மாதிரி ஒருத்தர்னு நேர்மையாச் சொன்ன மாதிரி ஆச்சு. கிம்பர் பேரை அப்படியே வெச்சுட்டு 1919-லயே கொன்னது அந்த அளவுக்குச் சரின்னு தோணல.

அப்புறம் அந்தக் காலத்துப் பேப்பர், கோர்ட்டு ரெக்கார்டு, ஜெயில் ரெக்கார்டு. வெளிநாட்டுது நெறைய ஸ்கேன் பண்ணி நெட்ல வந்துருச்சு. பேப்பர்லயும் மிகைப்படுத்துவாங்க, அதையும் மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

டீச்சர், கடைசியா ஒண்ணு. நீங்க அந்த சீரிஸ் எடுத்திருந்தா எந்தக் காட்சியைச் சேத்திருப்பீங்க? - அதே பிளஸ் டூ மாணவர், வேலந்தாவளம்

இது கேட்டதுக்கு உனக்கு ஒரு புஸ்தகம் அனுப்பறேன் கண்ணு.

1890 மார்ச் 22, சனிக்கிழமை ராத்திரி. ஸ்மால் ஹீத்ல ஆர்தர் ஸ்ட்ரீட்ல குடியிருக்கற ஜார்ஜ் ஈஸ்ட்வுட்னு ஒருத்தர் பத்து, பதினோரு மணி வாக்குல ஆடர்லி ஸ்ட்ரீட்ல ரெயின்போங்கற பப்புக்கு வர்றார். குடிக்கற பழக்கமில்ல அவருக்கு. ஜிஞ்சர் பீர் ஒரு பாட்டில் கேக்கறார், பேருலதான் பீர், அது போதையில்லாத இஞ்சிப் பானம், நம்ம கோலி சோடா மாதிரி வெச்சுக்கயேன். கொஞ்ச நேரத்துல சில பேர் உள்ள வர்றாங்க, அதே ஏரியாக்காரங்க, ஈஸ்ட்வுட்டுக்கு முகம் தெரிஞ்சவங்கதான். அவர் கையில இருக்கற பாட்டிலைப் பாத்துட்டு, எதுக்குடா இந்தக் கருமத்தைக் குடிக்கறேன்னு வம்பிழுக்கறாங்க. அங்க இருந்து ஆரம்பிச்சது. வெளிய அவரைப் போட்டு பூட்ஸால மிதிச்சு பெல்ட்டு பக்கிளால அடிச்சதுல மண்டை ஓடு உடைஞ்சு, ஆஸ்பத்திரியில மூணு வாரத்துக்கு மேல கிடந்தார், டாக்டருங்க தலையில ஓட்டை போட்டு ஆபரேஷன் பண்ண வேண்டி வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு, 24-ஆம் தேதி, அதைப் பத்தி பேப்பர்ல வந்த செய்தியிலதான் பீக்கி பிளைண்டர்ஸ்ங்கற பேரு நமக்குத் தெரிஞ்சு முதல் தடவையா அச்சுல வருது.

எடுத்திருந்தா அங்க இருந்துதான் ஆரம்பிச்சிருப்பேன். பின்னாடி மியூசிக் வேண்டாம், ஸ்லோமோஷன் வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி, வாரம் பூரா உழைச்ச ஒருத்தர், ஒரு மேஜை, மூடி திறந்த ஜிஞ்சர் பீர் பாட்டில், அவர் இன்னும் ஒரு வாய்கூட குடிக்கல, கதவு தொறக்குது.